கடல்நீர்த் தொட்டியில் பிஎச் ஆடுகிறதா? நெல்லை வீடுகளுக்கு எந்த வழி பொருந்தும்

பவளம் வளர்க்கும் தொட்டியில் பிஎச் (தண்ணீர் புளிப்புப் பக்கமா காரப் பக்கமா என்று காட்டும் எண், புளிப்பு கூடினால் இறங்கும்) நிலையாக நிற்கவில்லை என்றால் அதைச் சரிசெய்ய இன்று ஏழெட்டு வழி சொல்கிறார்கள். பஃபர் பொடி, சுண்ணாம்பு நீர், சோடா, கரியமில வாயுவைப் பிடிக்கும் டப்பா, பாசித் தொட்டி, வெளிக்காற்றுக் குழாய். எல்லாமே ஏதோ ஒரு வீட்டில் பலன் தந்த வழிகள்தான். ஆனால் பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ இருக்கும் வீட்டுக்கு வெயில் வேறு, காற்று வேறு, கரண்ட் போகும் நேரம் வேறு. எங்கேயோ பலித்த வழி இங்கே அப்படியே பலிக்கும் என்று நம்பிப் பணத்தைப் போட வேண்டாம் என்பதற்காகவே இந்த ஒப்பீடு.

ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டு பேசினால் தெளிவாக இருக்கும். என் அக்கா மகன் பெருமாள்புரத்தில் 200 லிட்டர் தொட்டி ஒன்று வைத்திருக்கிறான். ஒரு ஜோடி கோமாளி மீன், கொஞ்சம் மஷ்ரூம் பவளம், சோவாந்தஸ் கூட்டம் இரண்டு மூன்று. கீழே சம்ப், அதாவது தண்ணீரைச் சுத்தப்படுத்தும் துணைத் தொட்டி, அதில் காற்றைக் குமிழாக்கி அழுக்கை நுரையோடு வெளியேற்றும் ஒரு ஸ்கிம்மர். தொட்டி இருக்கும் அறையில் ராத்திரி ஏசி ஓடும், அங்கேயே மூன்று பேர் படுப்பார்கள். விடியற்காலையில் பிஎச் 7.7, சாயங்காலம் 8.1. "மாமா, எதை வாங்கட்டும்?" என்பதுதான் அவன் கேள்வி.

அவனிடம் இருப்பவை தொட்டிக்காரர்கள் மென்பவளம் என்று சொல்லும் வகை, சுண்ணாம்புக் கூடு கட்டும் கல்பவளம் எதுவும் இல்லை. கல்பவள வகைகள் எல்லாமே, கடல் விசிறியும்கூட, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது. 1986இல் அந்தப் பூங்கா அமைந்தபோது கணக்கில் இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியமான காரணம். தூத்துக்குடி நமக்கு ஒரு மணி நேரத் தூரம்தான் என்பதாலேயே இந்த விஷயத்தில் நமக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. செயற்கைப் பாறை போதும். நல்ல பாக்டீரியா அதில் குடியேறச் சில மாதம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த அளவு சரி, எது தவறு

திறந்த கடலில் பிஎச் சுமார் 8.1. தொட்டியில் 7.8 முதல் 8.4 வரை எங்கே இருந்தாலும் மீனும் பவளமும் நன்றாகவே வாழும். பகலில் ஏறி இரவில் இறங்குவதும் இயற்கைதான். விளக்கு எரியும்போது பாசியும், பவளத்துக்குள் வாழும் நுண்பாசியும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், பிஎச் ஏறும். விளக்கு அணைந்ததும் எல்லா உயிரும் மூச்சு மட்டும் விடும், பிஎச் இறங்கும். ஒரு நாளில் 0.2, 0.3 ஆடுவதை நோய் என்று எண்ண வேண்டாம். விடியலில் 7.8க்குக் கீழே தினமும் போகிறது என்றால்தான் கவனிக்க வேண்டும். மென்பவளம் 7.7ஐயும் தாங்கும் என்பது உண்மை. ஆனால் பாறையில் ஊதா நிறத்தில் படரும் பவளப்பாசியும், சுண்ணாம்பு ஓடு கட்டும் நத்தை வகைகளும் அந்த அளவில் மந்தமாகிவிடும்.

பிஎச்சோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு எண் அல்கலினிட்டி. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், கார்பனேட் இருப்பு அது. கடலில் சுமார் 7 டிகேஎச் (அதை அளக்கும் அலகு), தொட்டியில் 7 முதல் 10 வரை வைத்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் பவளத்தைக் கொல்வது குறைந்த பிஎச்சைவிட, நாளுக்கு ஒரு திசையில் தாவும் அல்கலினிட்டிதான். அதனால் ஒவ்வொரு வழியையும் பிஎச்சை எவ்வளவு ஏற்றும் என்று மட்டும் பார்க்காமல், அல்கலினிட்டியை ஆடாமல் விடுமா என்றும் பார்த்தே மதிப்பிடுகிறேன்.

எந்த முடிவுக்கும் முன்னால் கருவியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பேனா வடிவ மீட்டர் என்றால் பிஎச் 7, பிஎச் 10 என்ற இரண்டு சோதனைத் திரவங்களிலும் சரிபார்க்காத அளவை நம்பக் கூடாது. மாதம் ஒருமுறையாவது இதைச் செய்யவேண்டும். காகிதப் பட்டையில் நிறம் பார்ப்பது இந்த வேலைக்குப் போதாது. அளக்கும் நேரமும் முக்கியம்: விளக்கு எரிவதற்குச் சற்று முன் ஒருமுறை, அணைவதற்குச் சற்று முன் ஒருமுறை.

வீட்டுக்குள் இருக்கும் காற்று

கோலி சோடா குடிக்கும்போது நாக்கில் சுள்ளென்று படும் புளிப்பு, கரைந்த கரியமில வாயுவின் வேலை. தொட்டியிலும் நடப்பது அதுதான், அளவுதான் மிகக் குறைவு. வெளிக்காற்றில் கரியமில வாயு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. கதவு ஜன்னல் சாத்தி ஏசி போட்ட அறையில் இரண்டு மூன்று பேர் தூங்கினால் அது 1000ஐத் தாண்டுவது சாதாரணம். சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றிவிடுகிறது. அல்கலினிட்டி மாறாமல் இருக்க, காற்றிலுள்ள கரியமில வாயு இரண்டு மடங்கானால் தண்ணீரின் பிஎச் ஏறத்தாழ 0.3 இறங்கும். 8.2 இருக்க வேண்டிய தொட்டி 7.8, 7.9 காட்டுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பழைய நெல்லை வீடுகளில், தார்சாவும் பட்டாசலும் முற்றமுமாகக் காற்று குறுக்கும் நெடுக்கும் போகும் வீடுகளில், இந்தச் சிக்கல் அநேகமாக வராது. புது வீடுகளில் வருகிறது. சித்திரை, வைகாசி வெயிலுக்குச் சாத்திய ஜன்னலை ஆனி, ஆடியில் புழுதிக்குப் பயந்து மறுபடியும் சாத்திவிடுகிறோம்.

இதைக் காசு செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். தொட்டித் தண்ணீரை ஒரு சொம்பில் எடுத்து பிஎச் அளக்கவும். மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்து, ஏர் பம்ப்பால் ஒரு மணி நேரம் நன்றாகக் குமிழ் விட்டு, மறுபடி அளக்கவும். ஏறியிருந்தால் தொட்டியில் கரியமில வாயு அதிகம். அடுத்து இன்னொரு சொம்புத் தண்ணீரைத் தொட்டி இருக்கும் அறைக்குள்ளேயே, கதவைச் சாத்தி அதேபோல் குமிழ் விட்டு அளக்க வேண்டும். உள்ளேயும் நன்றாக ஏறினால் அறைக்காற்று நல்லதுதான், தொட்டிக்குள் காற்று போதிய அளவு கலக்கவில்லை என்று பொருள். உள்ளே ஏறாமல் வெளியே மட்டும் ஏறினால் அறைக்காற்றே குற்றவாளி. இரண்டு இடத்திலும் ஏறவில்லை என்றால் அல்கலினிட்டி குறைந்திருக்கலாம், அதை அளந்து பார்க்கவும்.

பெருமாள்புரத் தொட்டித் தண்ணீர் அறைக்குள் அசையவில்லை, மாடியில் 8.2க்கு ஏறியது. அல்கலினிட்டி 8.4. ஆக, தண்ணீரில் சேர்க்க வேண்டிய பொருள் எதுவும் குறையவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் கடைக்குப் போகிறவர்கள்தான் தேவையில்லாத டப்பாக்களை வாங்குகிறார்கள்.

பஃபர் பொடி: வேண்டாம்

கடையில் முதலில் கிடைப்பது இதுதான். உள்ளே இருப்பது பெரும்பாலும் பைகார்பனேட்டும் கார்பனேட்டும் கலந்த பொடி, சிலவற்றில் போரேட்டும் இருக்கும். போட்டதும் பிஎச் ஏறும், மறுநாள் காலையில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும், ஏனென்றால் அறைக்காற்று மாறவில்லை. மீண்டும் போடுவோம். பிஎச் ஏறாமலே அல்கலினிட்டி மட்டும் 9, 11, 13 என்று ஏறிக்கொண்டு போகும். அதற்கு மேல் கால்சியம் வெள்ளைத் தூளாகப் படிய ஆரம்பிக்கும், பம்ப்பும் ஹீட்டரும் சுண்ணாம்பு பூசிக்கொள்ளும், பவளத்தின் ஓரம் வெளுக்கும். பிஎச் கோளாறுக்கு இது மருந்து இல்லை. வேறு எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வெளிக்காற்றுக் குழாய்

ஸ்கிம்மர் காற்றை இழுக்கும் சின்னக் குழாயை நீட்டி, ஜன்னல் வழியாக வெளியே விடுவது. செலவு சில மீட்டர் குழாய்க்கு மட்டும். ஸ்கிம்மர் மணிக்கணக்காக நுரைக்கும் காற்று முழுவதும் 420 பிபிஎம் காற்றாகிவிடும். ராத்திரியிலும் அப்படித்தான். அல்கலினிட்டியைத் துளியும் தொடாத வழி இது, அதனால் அளவு தப்பிவிடுமோ என்ற பயமே இல்லை.

செய்வதில் இரண்டு மூன்று நுணுக்கம் உண்டு. குழாய் நீளமானால் ஸ்கிம்மர் இழுக்கும் காற்று குறையும், நுரை தளர்ந்துவிடும். ஆகவே ஸ்கிம்மரின் வாயளவைவிட அகலமான குழாயை ஓட்டி, கடைசி ஒரு சாணில் மட்டும் சிறிய குழாயாகக் குறைக்கவேண்டும். வெளிமுனை மழை படாமல் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். பூச்சியும் புழுதியும் போகாமல் ஒரு துண்டு ஸ்பான்ஜ் சொருகவும். ஆடிக் காற்றில் அது வாரத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளும், கழற்றிக் கழுவவேண்டும்.

கொசு மருந்து விஷயத்தில் யாரும் அசட்டையாக இருக்கக் கூடாது. தெருவில் புகை மருந்து அடிக்கும் சத்தம் கேட்டால் குழாயின் வெளிமுனையை உள்ளே இழுத்துவிட வேண்டும். அந்த மருந்துகளில் பயன்படும் பைரித்ராய்டு வகை, மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கொஞ்சம் பட்டாலே ஆபத்து. வீட்டுக்குள் செருகி வைக்கும் கொசு லிக்விடும் அதே வகைதான். அறைக்குள் கொசு லிக்விட் வைக்கும் பழக்கம் இருந்தால் ஸ்கிம்மர் வெளிக்காற்றை இழுப்பது அந்த வகையிலும் நல்லது. அடுப்படிப் பக்கமோ குப்பை எரிக்கும் பக்கமோ முனையை விடாதீர்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் குழாயைக் கழற்றிவிடுவது உத்தமம்.

சொம்புச் சோதனையில் அறைக்காற்றுதான் குற்றவாளி என்று தெரிந்த எந்த வீட்டுக்கும் இதையே முதல் வழியாகச் சொல்வேன். சொந்த வீடு, ஜன்னலோரம் தொட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம். வாடகை வீட்டிலும் பிரச்சினை இல்லை, சுவரைத் துளைக்காமல் ஜன்னல் கம்பி இடுக்கில் விட்டுக்கொள்ளலாம்.

சோடா லைம் டப்பா

தொட்டி ஜன்னலிலிருந்து வெகுதூரம், அல்லது வெளியே எப்போதும் புகை. அப்படிப்பட்ட இடத்துக்கு இது. ஸ்கிம்மர் இழுக்கும் காற்றை சோடா லைம் நிரப்பிய ஒரு டப்பா வழியாக விட்டால் கரியமில வாயு அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் இயந்திரத்தில் நோயாளி விடும் மூச்சைச் சுத்தப்படுத்துவதும் இதே பொருள்தான். வெளிக்காற்றுக் குழாயைவிட பிஎச் இன்னும் சற்று கூடுதலாகவே ஏறும்.

குறை என்னவென்றால் பொருள் தீர்ந்துகொண்டே இருக்கும். மூன்று பேர் படுக்கும் ஏசி அறையில் மிக வேகமாகத் தீரும். வெள்ளையாக இருப்பது ஊதாவானால் மாற்றவேண்டும் என்பார்கள். ஓடாமல் சிறிது நேரம் இருந்தால் தீர்ந்துபோன பொருளும் மறுபடி வெளுத்துக் காட்டும், அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போது நிறம் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். தீரும் நாளில் பிஎச் சட்டென்று இறங்கும், புதிது போட்டதும் ஏறும். ஸ்திரம் வேண்டும் என்று வாங்கியதே ஆட்டத்துக்குக் காரணமாகிவிடும். அதைத் தவிர்க்க ஸ்கிம்மர் கோப்பையிலிருந்து வெளியேறும் காற்றையே திரும்ப டப்பாவுக்கு விடும் அமைப்பு ஒன்று உண்டு, அப்படிச் செய்தால் பொருள் வெகுநாள் தாங்கும். எப்படியிருந்தாலும் மாதச் செலவு வைக்கும் வழி இது. வெளிக்காற்றுக் குழாய்க்கு வழியே இல்லாதவர்கள் மட்டும் இதற்குப் போகலாம்.

சுண்ணாம்பு நீர்

பழைய வழி, இன்றும் நல்ல வழி. கால்சியம் ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, அந்தத் தெளிவை மட்டும் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுவது. தொட்டிக்காரர்கள் கால்க் என்று சொல்வது இதைத்தான். ஒரு லிட்டரில் ஒன்றரை கிராம் சொச்சம்தான் கரையும். பவளத்துக்கு வேண்டிய கால்சியம், அல்கலினிட்டி இரண்டையும் அவை செலவாகும் அதே விகிதத்தில் கொடுக்கும், கூடவே கரைந்திருக்கும் கரியமில வாயுவையும் பிடித்துக்கொள்ளும். அளவுக்கு அளவு பார்த்தால் பிஎச்சை ஏற்றுவதில் சோடா சாம்பலைவிட இரண்டு மடங்கு வலு.

ஆனால் இதை எப்படி விடுவது என்பதில்தான் நம்ம ஊர் வேறுபடுகிறது. வழக்கமாகச் சொல்லும் முறை, ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக விடும் ஆர்.ஓ. தண்ணீரிலேயே சுண்ணாம்பைக் கலந்துவிடுவது. ஆவியாதல் வருடம் முழுக்கச் சீராக இருக்கும் ஊரில் அது சரி. இங்கே ஆனி, ஆடியில் மலைக் கணவாய்களைத் தாண்டி வறண்டு வீசும் காற்று, கயத்தாறிலும் பணகுடியிலும் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று, தொட்டித் தண்ணீரையும் குடித்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும், ஆவியாதல் பாதிக்கும் கீழே போய்விடும். 200 லிட்டர் தொட்டியில் காற்றுக் காலத்தில் நாளுக்கு 4 லிட்டரும் மழைக்காலத்தில் ஒன்றரை லிட்டரும் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். முழுச்செறிவுச் சுண்ணாம்பு நீர் என்றால் முதல் கணக்கில் நாளுக்கு 2.2 டிகேஎச் ஏறும், இரண்டாவது கணக்கில் 0.8. மென்பவளத் தொட்டி நாளுக்குச் செலவழிப்பதோ 0.3 அளவுதான். தொட்டியில் இருப்பவற்றின் தேவை மாறவே இல்லை, காற்று அடிக்கிறதா மழை பெய்கிறதா என்பதைப் பொறுத்து மருந்தின் அளவு மாறுகிறது. நெல்லைச் சீமையில் கால்க் ஒத்துவரவில்லை என்று கைவிட்டவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலம் வேறு கணக்கு, அங்கே ஆடியிலும் ஈரக்காற்றுதான்.

ஆகவே இரண்டையும் பிரித்துவிட வேண்டும். ஆவியான அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர் தனியாக. சுண்ணாம்பு நீர் தினமும் ஒரே அளவு, தனியாக. எவ்வளவு என்று கண்டுபிடிக்க, எதுவும் சேர்க்காமல் அல்கலினிட்டியை அளந்து, மூன்று நாள் கழித்து மறுபடி அளந்து, வித்தியாசத்தை மூன்றால் வகுக்கவும். 8.4 இருந்தது 7.5 ஆனால் நாளுக்கு 0.3. அந்த 0.3க்கு 200 லிட்டர் தொட்டியில் முழுச்செறிவுச் சுண்ணாம்பு நீர் அரை லிட்டர் போதும், அதாவது பொடி முக்கால் கிராம் சொச்சம். ராத்திரி பிஎச் இறங்கும் நேரத்தில் எட்டு மணி நேரத்தில் இதை விடவேண்டும். அளந்து அளந்து தானாக விடும் டோசிங் பம்ப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட்டே போதும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு 20 சொட்டுக்கு மேல் இரண்டொன்று. டப்பாவை மூடியே வைக்கவும், திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு மேலே ஏடு கட்டி வலு போய்விடும். அந்த ஏடு டிரிப் செட்டையும் அடைக்கும்.

வெற்றிலைச் சுண்ணாம்பு போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. சிப்பி சுட்டு நீற்றிய சுண்ணாம்பு அடிப்படையில் அதே பொருள்தான். ஆனால் அதில் எவ்வளவு ஏற்கெனவே காற்றுப்பட்டுக் கார்பனேட்டாகிவிட்டது, வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் அளவு போட முடியாது. உணவுத்தரம் அல்லது ஆய்வகத்தரம் என்று எழுதிய கால்சியம் ஹைட்ராக்சைடே வாங்கவும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் கலக்கும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். குழந்தைகள் உள்ள வீட்டில் டப்பாவைப் பூட்டி வைக்கவேண்டும்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் மட்டம் பார்த்துத் தானாக விடும் கருவியின் சென்சார் ஒட்டிக்கொண்டு, பாத்திரத்தில் நிரப்பி வைத்த 20 லிட்டர் சுண்ணாம்பு நீரும் ஒரே இரவில் இறங்கினால் தொட்டி பால் நிறமாகி எல்லாம் போய்விடும். அதனால் கைவசம் வைக்கும் பாத்திரத்தில் ஒரு நாள் அளவுக்கு மேல் ஊற்றவே கூடாது. எல்லாம் ஒரேயடியாக இறங்கினாலும் அரை லிட்டர்தானே.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். மென்பவளத் தொட்டியின் தேவை குறைவு என்பதால் கால்க் அங்கே பிஎச்சை ஏற்றுவதும் குறைவுதான். விடியல் அளவில் 0.1 ஏறினால் அதிகம். பிஎச்சுக்காக மட்டும் அளவைக் கூட்டினால் அல்கலினிட்டி ஏறிவிடும். அறைக்காற்றைச் சரிசெய்யாமல் கால்க்கை மட்டும் நம்புவது பலனளிக்காது.

ஆப்ப சோடாவும் சோடா சாம்பலும்

அண்ணாச்சி கடையில் கிடைக்கும் ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், அல்கலினிட்டியை ஏற்றும், பிஎச்சை ஏற்றாது. போட்டவுடன் கொஞ்சம் இறக்கவும் செய்யும். அதையே அடுப்பிலோ ஓவனிலோ 200 டிகிரி அளவில் ஒரு மணி நேரம் வறுத்தால் கரியமில வாயுவும் நீராவியும் போய் சோடா சாம்பலாகிவிடும், அது பிஎச்சையும் ஏற்றும். 200 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற ஆப்ப சோடா 6 கிராம், சோடா சாம்பல் என்றால் 3.8 கிராம். பேக்கிங் பவுடர் வேறு, அதைத் தொடவே கூடாது. துணி துவைக்கும் சோடாவும் வேண்டாம், அதில் வாசனையும் வேறு பொருளும் கலந்திருக்கலாம்.

விலை மலிவு, கரைப்பது சுலபம், அளவு துல்லியம், ஆடிக் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கால்சியம் தராது என்பதுதான் குறை. கால்சியம் அதிகம் செலவாகும் தொட்டி என்றால் கால்சியம் குளோரைடைத் தனிக் கரைசலாகத் தனி நேரத்தில் விடவேண்டும், இரண்டையும் ஒரே இடத்தில் ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்துவிடும். மென்பவளத் தொட்டியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவதே கால்சியத்துக்குப் போதும். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள், சுண்ணாம்பைக் கையாளப் பயப்படுகிறவர்களுக்கு கால்க்கைவிட இதுவே மேல். சின்ன டோசிங் பம்ப்பில் ஒரு மாதக் கரைசலைக்கூட வைத்துவிட்டுப் போகலாம், காற்றுப்பட்டுக் கெடாது. ஆனால் பெரிய அளவு வைப்பதால் பம்ப்பின் நேரக் கணக்கை இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும்.

பாசித் தொட்டி

சம்ப்பில் ஓர் அறையை ஒதுக்கி, நூல்நூலாகச் சுருண்டு வளரும் கீட்டோமார்ஃபா பாசியை வளர்த்து, மேலே விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் கீழே விளக்கை எரியவிடுவது. இரவில் மீனும் பவளமும் விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்ளும், விடியல் வீழ்ச்சி குறையும். நைட்ரேட், பாஸ்பேட்டும் குறையும். அல்கலினிட்டிக்குத் தொந்தரவு இல்லை. இயற்கையோடு ஒட்டிய வழி என்பதால் எனக்கு இதில் தனிப் பிரியம் உண்டு.

வளர்ந்து வேலைசெய்ய வாரக்கணக்கில் ஆகும், சின்னத் தொட்டியில் மீன் குறைவாக இருந்தால் பாசிக்குச் சாப்பாடே போதாது. கடற்கரையில் ஒதுங்கும் கௌலெர்ப்பா பாசியை எடுத்துவந்து போட வேண்டாம். ஒருநாள் அது இனப்பெருக்கச் செல்களை வெளிவிட்டுவிட்டுக் கரைந்தால் தொட்டித் தண்ணீர் முழுதும் கெடும்.

தண்ணீர் மாற்றுவது

தண்ணீர் மாற்றுவதால் பிஎச் ஓரிரு நாள் மாறும், அவ்வளவுதான். அதற்காகத் தூத்துக்குடியிலிருந்தும் உவரியிலிருந்தும் கேன் கேனாகக் கடல்நீர் கொண்டுவருவது அலைச்சல். கொண்டுவருவதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று முகத்துவாரங்களை விட்டுத் தள்ளிப் போங்கள். புன்னைக்காயல் பக்கம் தாமிரபரணி வெள்ளம் கலந்து உப்பு குறைந்துவிடும். உப்பள உப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்யலாம் என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. உப்பளத்தில் கால்சியம் முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடும், மக்னீசியம் கடைசிக் கசப்புநீரோடு போய்விடும். மிச்சம் வெறும் சோடியம் குளோரைடு, அதில் பவளம் வாழாது.

கரண்ட் போகும் நாள்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போனால் பிற்பகல் வரை மின்சாரம் வராது. பம்ப்பும் ஸ்கிம்மரும் நிற்கும். மூச்சு விடும் உயிர்கள் நிற்பதில்லை. கரியமில வாயு ஏறும், ஆக்சிஜன் இறங்கும். அந்த நாலைந்து மணி நேரத்தில் இறங்கும் பிஎச்சை எந்தப் பொடியாலும் ஈடுகட்ட முடியாது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று, அல்லது இன்வெர்டரில் ஒரு சின்ன அலை பம்ப். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்கவேண்டியது இதுதான் என்பேன்.

பெருமாள்புரத்தில் எடுத்த முடிவு

அக்கா மகனுக்கு நான் சொன்ன வரிசை இது. முதலில் பேட்டரி ஏர் பம்ப். அடுத்து ஸ்கிம்மருக்கு ஜன்னல் வழியாக வெளிக்காற்று. இரண்டு வாரம் விடியலிலும் மாலையிலும் அளந்து எழுதவேண்டும், வேறு எதையும் தொடக் கூடாது. விடியல் 7.9க்கு வந்துவிட்டால் பிஎச்சுக்காக இனி ஒரு காசும் செலவழிக்க வேண்டாம். அல்கலினிட்டி தேவைக்கு மட்டும் அரை லிட்டர் சுண்ணாம்பு நீர், ராத்திரி டிரிப் செட்டில். அவனுக்கு வாரத்தில் இரண்டு நாள் நாகர்கோவிலில் வேலை என்பதால், டிரிப் செட்டை நிரப்ப வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் கால்க்கை விட்டுவிட்டு டோசிங் பம்ப்பில் சோடா சாம்பல், நாளுக்கு ஒரு கிராம் சொச்சம்.

சோடா லைம் டப்பாவை இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்றேன். சித்திரையில் ஏசி இரவு முழுக்க ஓடும். அந்த மாதத்திலும் வெளிக்காற்றுக் குழாய் போட்டிருக்கும்போதே விடியல் அளவு 7.8ஐத் தொடர்ந்து தொட்டால், அப்போது வாங்கிக்கொள்ளலாம்.